நெல்லையப்பர் கோயில்ல தென்னங்கன்று நட்ட அமெரிக்கக் கர்னல்! - கிறிஸ்தவத்தைவிட்டு வெளியேறிய ஆல்காட்டின் கதை

1881-ம் வருஷம், அக்டோபர் மாசம். திருநெல்வேலி டவுன்ல இருக்கிற நெல்லையப்பர் கோயில் வளாகத்துல பெருங்கூட்டம். நடுவுல நீளமா தாடி வெச்ச ஒரு வெள்ளைக்காரர். அவரோட கொழும்புல இருந்து வந்த சிங்கள பௌத்தர்கள் சிலர். தூத்துக்குடி வழியா கடல் தாண்டி வந்த அந்தக் குழு, இந்துக்களும் பௌத்தர்களும் நண்பர்கள் என்பதற்கு அடையாளமா அந்த வளாகத்துல ஒரு தென்னங்கன்றை நட்டது.

அந்த ஊருக்கு வெள்ளைக்காரங்க புதுசு கிடையாது. கலெக்டர், ஜட்ஜ், பாதிரியார்னு எத்தனையோ பேரைப் பார்த்த ஊர். ஆனா பிறந்து வளர்ந்த கிறிஸ்தவத்தை விட்டுட்டு, `உங்க ஊர் மதங்களைத் தேடித்தான் வந்திருக்கேன்' என்கிற மாதிரி வந்து நின்ன வெள்ளைக்காரர்தான் புதுசு.

அவர் பேர், ஹென்றி ஸ்டீல் ஆல்காட். சென்னையில பெசன்ட் நகர் பீச்சுக்குப் போயிருக்கீங்களா? பக்கத்துல ஊரூர் ஆல்காட் குப்பம்னு மீனவர் குப்பம் இருக்கே, அந்த ஆல்காட்டேதான்!

பக்தியான வீடு, பாதியில் நின்ற படிப்பு

1832, ஆகஸ்ட் 2-ம் தேதி அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்தவர் ஆல்காட். பிரெஸ்பிடேரியன் சபையைச் சேர்ந்த குடும்பம். ஜெபம், பைபிள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்று கட்டுப்பாடான வளர்ப்பு. நியூயார்க்கில் காலேஜில் சேர்ந்தவர், அப்பாவின் தொழில் நொடித்துப்போனதால் ஒரே வருஷத்தில் படிப்பை நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அடுத்து விவசாயம். ஒஹையோவில் உறவினர்களோடு தங்கிப் பண்ணை வேலை கற்றுக்கொண்டார். சோளத் தட்டையிலிருந்து சர்க்கரை எடுப்பது பற்றி 1857-ல் புத்தகமே எழுதினார். பிறகு நியூயார்க் பத்திரிகை ஒன்றில் விவசாயப் பகுதிக்கு ஆசிரியர். உள்நாட்டுப் போர் வந்தது. ராணுவத்துக்குச் சரக்கு சப்ளை செய்வதில் நடந்த ஊழலைத் துப்புத் துலக்கும் வேலை இவருக்குக் கிடைத்தது. கர்னல் பட்டம் அங்கே வந்ததுதான். 1865-ல் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அந்தச் சதியை விசாரித்த மூன்று பேர் குழுவிலும் இவர் இருந்தார். போர் முடிந்ததும் வக்கீல்.

அதாவது, எதையும் சும்மா நம்பிவிடுகிற ஆள் இல்லை. கணக்கு நோட்டைப் புரட்டிப் பொய்யைப் பிடிப்பதையே வேலையாகச் செய்தவர். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1860-ல் ஒரு பாதிரியாரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டார். நாலு குழந்தைகள் பிறந்து, இரண்டு சின்ன வயதிலேயே இறந்துபோயின. மனைவிக்கு சர்ச் மேல் இருந்த பிடிப்பு ஆல்காட்டிடம் இல்லை. அந்தக் கல்யாணம் 1870-களில் விவாகரத்தில் முடிந்தது.

ஆவி வந்த பண்ணை வீடு

அப்போது அமெரிக்காவில் ஆவிகளோடு பேசுவது பெரிய மோகம். போரில் லட்சக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். இறந்துபோன மகனோட, கணவனோட ஒரு வார்த்தை பேச முடியுமா என்று ஏங்கிய வீடுகள் ஊருக்கு ஊர் இருந்தன. 1874-ல் வெர்மான்ட் மாநிலத்தில் சிட்டெண்டன் என்ற கிராமத்தில், எடி சகோதரர்களின் பண்ணை வீட்டில் ஆவிகள் உருவத்தோடு வருவதாகப் பேச்சு. பத்திரிகைக்காக அதை விசாரிக்கப் போனார் ஆல்காட்.

ஊழலைப் பிடித்த மனுஷர் ஏமாற்று வேலையைப் பிடித்துவிடுவார் என்றுதானே நினைப்போம்? அவர் நம்பிக்கையோடு திரும்பினார். போன இடத்தில் ஒரு ரஷ்யப் பெண்ணையும் சந்தித்தார். சிகரெட்டும் கையுமாக, உலகம் சுற்றிய கதைகளோடு வந்த ஹெலினா பிளாவட்ஸ்கி. இருவரும் சேர்ந்து 1875, நவம்பர் 17-ல் நியூயார்க்கில் தொடங்கியதுதான் தியசாபிகல் சொசைட்டி. தமிழில் பிரம்மஞான சபை. எகிப்து, கிரேக்கம், இந்தியா என்று சர்ச்சுக்கு வெளியே இருக்கும் பழைய ஞானத்தைத் தேடுவதும், இயற்கையில் மறைந்திருக்கும் சக்திகளை ஆராய்வதும் அவர்கள் திட்டம்.

நியூயார்க்கை அதிரவைத்த `பேகன்' சாவு

1876, மே மாதம். சபை உறுப்பினர் டி பாம் என்ற பிரபு இறந்துபோனார். கிறிஸ்தவ முறையில் அடக்கம் வேண்டாம், கிழக்கத்திய முறையில் எரித்துவிடுங்கள் என்பது அவர் ஆசை. நிறைவேற்றும் பொறுப்பு ஆல்காட் தலையில் விழுந்தது.

நியூயார்க்கில் வாடகைக்குப் பிடித்த ஹாலில், பாதிரியார் இல்லாமல், பழைய எகிப்து பாணியில் சடங்கு நடந்தது. வேடிக்கை பார்க்க ஊரே திரண்டுவிட்டது. அதற்கு அங்கே விழுந்த பெயர், `பேகன்' இறுதிச்சடங்கு. பேகன் என்றால் ஏசுவை அறியாத பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர். இதே அர்த்தத்தில் நம்ம ஊர் மிஷன்களிலும் ஒரு சொல் புழங்கியது: அஞ்ஞானி.

உடலை எரிக்க அங்கே இடமே கிடையாது. தைலம் பூசிப் பாதுகாத்த உடலை ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 6-ம் தேதி பென்சில்வேனியாவில் ஒரு டாக்டர் சொந்தமாகக் கட்டியிருந்த எரிமேடையில் தகனம் செய்தார்கள். நவீன அமெரிக்காவின் முதல் தகனமாக அது வரலாற்றில் நிற்கிறது. தாமிரபரணிக் கரையில் தினமும் நடக்கிற ஒரு காரியம், அங்கே பத்திரிகைகள் கேலி செய்யும் பரபரப்புச் செய்தி!

முத்தமும் பில்லும்

1878 டிசம்பரில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். வயசு 46. வக்கீல் தொழில், சொந்த ஊர், இரண்டு மகன்கள் எல்லாம் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டன. மதம் மாறுவது மனசுக்குள் நடக்கிற விஷயம் என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அதுக்கு வீட்டுல இருக்கிறவங்களும் சேர்ந்து விலை கொடுக்கிறாங்க. ஆல்காட் விஷயத்தில் அந்த விலை கொடுத்தவர்கள் அந்தப் பையன்கள்.

1879 பிப்ரவரியில் பம்பாய். இறங்கியதும் குனிந்து கரையின் படிக்கல்லை முத்தமிட்டார். ஞான பூமிக்கு வந்த பரவசம். வரவேற்று விருந்து கொடுத்துத் தங்கவைத்தவர், சில நாள்களில் எல்லாவற்றுக்கும் பில் நீட்டினார். வாடகை, சாப்பாடு மட்டுமல்ல, வரவேற்புக் கூட்டத்துக்குப் போட்ட நாற்காலி வாடகையும் அதில் இருந்தது. புனித பூமியிலும் மனுஷங்கதான் இருக்காங்க என்பது முதல் பாடம்.

அடுத்த வருஷம் இலங்கை. 1880, மே 25-ம் தேதி காலி நகரத்து விகாரையில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் மண்டியிட்டு, பாலி மொழியில் பஞ்ச சீலம் ஏற்றார்கள். ஒரு அமெரிக்கர் வெளிப்படையாக பௌத்தர் ஆகிறார் என்ற செய்தி, மிஷன் பள்ளிகளின் செல்வாக்கில் ஒடுங்கிக் கிடந்த சிங்கள பௌத்தர்களுக்குப் பெரிய தெம்பு. அந்த உறவுதான் மறு வருஷம் தென்னங்கன்றோடு நெல்லைக்கு வந்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

இப்போ அந்த ஊரை ஒரு நிமிஷம் பார்ப்போம். தாமிரபரணிக்கு மேற்கே கோயில் இருக்கிற திருநெல்வேலி. கிழக்கே ஊசிக்கோபுரம் நிமிர்ந்து நிற்கிற பாளையங்கோட்டை. நடுவில் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம். இரண்டு உலகத்தையும் சேர்க்கிற பாலம் அது.

பாளையங்கோட்டையில் 1780-ல் 40 பேரோடு தொடங்கிய சபை, நூறு வருஷத்தில் ஜில்லா முழுக்கப் பரவியிருந்தது. நாசரேத், முதலூர், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று தேரிக்காட்டிலும் பனங்காட்டிலும் கிறிஸ்தவ ஊர்கள். 1876-78 பெரும் பஞ்சத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். இடையன்குடியில் பிஷப் கால்டுவெல் இருந்தார். அவர் எழுதிய திருநெல்வேலி வரலாறு வெளியானதும் இதே 1881-ல்தான். சுடலைமாடனையும் இசக்கியையும் கும்பிட்ட மக்களைப் பேய் வழிபாட்டிலிருந்து மீட்கிறோம் என்பது மிஷன்களின் பார்வை.

அதாவது, ஜனங்கள் அஞ்ஞானத்தை விட்டு ஏசுவிடம் வருகிறார்கள் என்று உலகத்துக்கே உதாரணம் காட்டப்பட்ட ஊர் இது. அந்த ஊருக்கு ஏசுவை விட்டுவிட்டு ஒரு வெள்ளைக்காரர் எதிர்த்திசையில் நடந்து வருகிறார். மிஷன் வட்டாரத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்? எரிச்சல்தான். உயர்சாதி இந்துக்களுக்கோ கொண்டாட்டம். நெல்லையில் பிரம்மஞான சபைக்குக் கிளை உருவானது. அங்கே பதிவுத்துறையில் வேலை பார்த்த எஸ்.ராமசாமி ஐயர், சபை சொன்ன இமயமலை மகாத்மாவைத் தேடி 1882-ல் சிக்கிம் வரைக்கும் போனார். அந்த அளவுக்கு ஈர்ப்பு.

ஆனா, இந்தக் காட்சியில இல்லாத ஆட்கள் யாருன்னு யோசிச்சீங்களா?

அந்தக் காலத்தில் நாடார்களும் தாழ்த்தப்பட்ட மக்களும் இப்படிப்பட்ட பெரிய கோயில்களுக்குள் நுழைய முடியாது. நாடார் பெண்கள் மேலாடை அணிய, தெற்கே திருவிதாங்கூரில் 1859 வரை போராட வேண்டியிருந்தது. கமுதி கோயிலில் நுழைந்த நாடார்கள் மேல் 1897-ல் வழக்கு பாய்ந்தது. அது லண்டன் வரை போய் 1908-ல் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு. 1899-ல் சிவகாசியே எரிந்தது. கோயில் கதவைச் சட்டம் திறந்தது 1939-ல்தான்.

கடல் கடந்து வந்த அமெரிக்கருக்கு வளாகத்துக்குள் வரவேற்பு. பக்கத்து ஊர் பனையேறிக்கு வாசலிலேயே தடை. அந்தப் பனையேறியின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், புத்தகம், மருத்துவம், தலை நிமிர்ந்து உட்கார ஒரு பெஞ்சு எல்லாம் ஆல்காட் விட்டுவிட்டு வந்த அதே கிறிஸ்தவத்தில்தான் கிடைத்தது. ஒரே பாலத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே நடந்தார்கள். ஒருத்தருக்கு அது தேடல். இன்னொருத்தருக்கு அது தப்பித்தல்.

கை வைத்தால் குணமாகுமா?

1882-ல் சென்னை அடையாறில் இடம் வாங்கி சபையின் தலைமையகத்தை அங்கே மாற்றினார்கள். அதே வருஷம் இலங்கையில் ஒரு கதை கிளம்பியது. கொழும்புப் பக்கம் ஒரு கத்தோலிக்கக் கிணற்றுத் தண்ணீர் அற்புதமாக நோய் தீர்க்கிறதாம். இதைப் பார்த்து மக்கள் மதம் மாறிவிடுவார்களோ என்று கவலைப்பட்ட ஆல்காட், வாத நோயாளி ஒருவர்மேல் கைகளை அசைத்து மெஸ்மரிச முறையில் சிகிச்சை செய்தார். அவர் தேறிவிட்டதாகச் செய்தி பரவியதும் கூட்டம் சேர்ந்துவிட்டது. இலங்கையிலும் இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கை வைத்தார். நம்ம ஊர்ல மந்திரிச்சு விடுவாங்களே, கிட்டத்தட்ட அதே காட்சி, கோட்டு போட்ட கர்னல் கையால்! இது எல்லாருக்கும் பலித்தது என்று மருத்துவம் ஒப்புக்கொள்ளாது. நம்பிக்கை தருகிற தெம்பு சில நோய்களில் கொஞ்சம் வேலை செய்யும், அவ்வளவுதான்.

1884-ல் பெரிய அடி விழுந்தது. மகாத்மாக்களிடமிருந்து பிளாவட்ஸ்கிக்கு அற்புதமாகக் கடிதங்கள் வருவதாகச் சொல்லப்பட்டவை எல்லாம் ஏற்பாடு செய்த வித்தைகள் என்று, அடையாறில் வேலை பார்த்த தம்பதி குற்றம் சாட்டினார்கள். அவர்கள் கொடுத்த கடிதங்களை வெளியிட்டது மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியின் பத்திரிகை. லண்டனிலிருந்து ஆய்வாளர் வந்து விசாரித்தார். மோசடி என்று 1885-ல் அறிக்கை வந்தது. பிளாவட்ஸ்கி இந்தியாவைவிட்டே கிளம்பினார்.

ராணுவ ஊழலைப் பிடித்த அதே மனுஷர், பக்கத்து அறையில் நடந்ததைப் பார்க்கவில்லையா? நம்ப விரும்பினாரா, உண்மையாகவே நம்பினாரா? அவர் மேல் எனக்கு இருக்கும் பெரிய கேள்வி இதுதான். புது மதத்தைத் தேடிப் போகிறவர், பழைய மதத்திடம் கேட்ட கறாரான கேள்விகளைப் புதியதிடமும் கேட்க வேண்டாமா?

கூடவே வந்த சர்ச்

இன்னொரு விஷயம் கவனிங்க. 1881-ல் ஆல்காட் பௌத்தத்துக்கு ஒரு கேள்வி பதில் புத்தகம் எழுதினார். கேள்வி, அதுக்குக் கீழே சுருக்கமான பதில். சர்ச் பிள்ளைகள் ஞானோபதேசம் படிப்பார்களே, அச்சு அசல் அதே வடிவம்! அவர் இறக்கும் முன்பே நாற்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்துவிட்டன. மிஷன் பள்ளிகளுக்குப் போட்டியாக பௌத்தப் பள்ளிகள், ஞாயிறு வகுப்புகள். 1886-ல் கொழும்பில் தொடங்கியது இன்று ஆனந்தா கல்லூரி. பௌத்தக் கொடி உருவான குழுவில் பங்கு. வெசாக் நாளுக்கு 1885-லிருந்து அரசு விடுமுறை கிடைத்ததில் பங்கு.

சின்ன வயதில் பிரெஸ்பிடேரியன் வீட்டில் கற்ற ஒழுங்கும் பிரசார முறையும் அவரைவிட்டுப் போகவேயில்லை. நம்பிக்கையை மாற்றலாம். நம்பும் விதத்தை மாற்றுவது அவ்வளவு சுலபம் இல்லை. விட்டுவிட்டு வந்ததாக நினைத்த சர்ச், பெட்டிக்குள்ளேயே மடித்து வைத்தபடி கூடவே வந்திருக்கிறது.

குப்பத்துக்கு ஒரு பள்ளிக்கூடம்

நெல்லைக் காட்சியில் வெளியே நின்றார்களே, அவர்கள்? ஆல்காட் அந்தப் பக்கமும் திரும்பினார், கொஞ்சம் தாமதமாக. 1894-ல் சென்னையில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அப்போது அவர்களைப் பஞ்சமர் என்பார்கள். உயர்சாதி நண்பர்கள் நிறைந்த சபையின் தலைவர் செய்த காரியம் என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. ஆல்காட் நினைவுப் பள்ளியாக அந்த முயற்சி இன்றும் பெசன்ட் நகரில் நடக்கிறது.

1898-ல் அயோத்திதாசர் அவரைத் தேடி வந்தார். தாழ்த்தப்பட்டவர்களின் பூர்வ மதம் பௌத்தம், அதற்குத் திரும்ப உதவுங்கள் என்று கேட்டார். ஆல்காட் உதவியோடு இலங்கை போய் பஞ்ச சீலம் ஏற்றுத் திரும்பிய அயோத்திதாசர், சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். தமிழ் மண்ணில் பௌத்தத்தின் மறுபிறப்பு அது. அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தம் தழுவுவதற்கு 58 வருஷம் முன்பு!

காலியில் ஆல்காட் சொன்ன அதே பஞ்ச சீலம்தான். அயோத்திதாசர் வாயில் அது சுயமரியாதையின் குரலாக மாறியது. வெளியேறும் கதவு எல்லோருக்கும் ஒரே கதவு இல்லை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

1907, பிப்ரவரி 17-ம் தேதி அடையாறில் இறந்தார் ஆல்காட். சபை வளாகத்திலேயே உடலை எரித்தார்கள். டி பாமுக்கு ஆறு மாதம் இடம் தேடி அலைந்தவருக்கு, இங்கே அது சாதாரணமாக நடந்தது. இலங்கையில் இன்றும் அந்த நாளில் அவருக்கு விளக்கேற்றுகிறார்கள். கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது.

நெல்லைக்குப் போனால் ஒரு சாயங்காலம் சுலோசன முதலியார் பாலத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் சர்ச்சுக்குப் போகிறவர்களும் மேலப்பாளையம் பக்கம் தொழுகைக்குப் போகிறவர்களும் ஒரே டிராஃபிக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு கடப்பார்கள். நம்மில் பலருக்கும் மூணு, நாலு தலைமுறைக்கு முன்னால யாரோ ஒருத்தர் இப்படி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குக் கடந்திருப்பார். அவர் ஏன் கடந்தார், என்ன விலை கொடுத்தார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கர்னல் ஆல்காட் கதையைவிட அது பெரிய கதையாக இருக்கலாம்.